பூஜ்ய வரிக்குக் கீழே இருக்கும் வரிகள்: ஓசூரில் மின்ஸ்கூட்டர் வாங்கிய கணக்கு

ஓசூரில் இருந்துகொண்டு மின்ஸ்கூட்டர் வாங்குவது கொல்லன் தெருவில் ஊசி வாங்குவது மாதிரி என்று நினைத்திருந்தேன். டி.வி.எஸ். ஆலை இங்கே, ஏத்தர் ஆலை இங்கே, கொஞ்சம் தள்ளிப் போச்சம்பள்ளியில் ஓலா. அதற்காக நமக்கு ஒரு ரூபாய்கூடக் குறைத்துத் தருவதில்லை. குறைவதெல்லாம் அரசாங்கம் விட்டுக்கொடுப்பதால்தான். அது எங்கே எவ்வளவு குறைகிறது, குறைந்ததை ஷோரூம் மேசையில் எப்படித் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எனக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருட வேலை. ஒரு தாளில் எண்கள் இருந்தால் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட வராது.

2025 பிப்ரவரியில் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் எனக்குக் கொடுத்த கொட்டேஷன் இது. எக்ஸ்-ஷோரூம் 1,24,500. ரோடு டேக்ஸ் 0. 'ரிஜிஸ்ட்ரேஷன் அண்ட் சர்வீஸ்' 5,900. இன்சூரன்ஸ் 8,760. ஆக்சசரீஸ் 6,400. கூடுதல் வாரண்டி 7,000. ஆன்-ரோடு 1,52,560. விற்பனைப் பையன் அந்தப் பூஜ்யத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டினான். "மேடம், கவர்மெண்ட் சலுகை. டேக்ஸே கிடையாது!" வட்டம் போட்ட வரி சரிதான். அதற்குக் கீழே இருந்த வரிகளில்தான் எனக்கு வேலை இருந்தது.

முதலில் அந்தப் பூஜ்யத்தின் மதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி, ஒரு லட்சம் வரை விலை என்றால் 10 சதவீதம், அதற்கு மேல் 12. காருக்கு 5 லட்சம் வரை 12, பத்து வரை 13, இருபது வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பேட்டரி வண்டி என்பதால் இது மொத்தமும் தள்ளுபடி. என் ஸ்கூட்டருக்கு அது சுமார் 15,000 ரூபாய். 14 லட்ச ரூபாய்க் காராக இருந்தால் இரண்டரை லட்சம்! இரண்டரை லட்சம் என்றால் இன்னொரு சின்ன வண்டியே வாங்கிவிடலாம். அதனால் தமிழ்நாட்டில் இருப்பவருக்கு மாநில அரசின் சலுகை என்றால் முதலில் இதுதான். ஸ்கூட்டரைவிடக் கார் வாங்குகிறவருக்குத்தான் இதில் பெரிய லாபம் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், ஆனால் கணக்கு அப்படி.

இந்த விலக்கு நிரந்தரம் இல்லை. 2020 நவம்பரில் கொண்டுவந்து 2022 டிசம்பர் 31 வரை என்றார்கள். பிறகு 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். நான் இதை எழுதுவது அந்த வருடத்து ஐப்பசியில். வரி விதிப்பது வண்டியைப் பதிவு செய்யும்போது. நீங்கள் அட்வான்ஸ் கொடுத்த தேதிக்கும் பூஜை போட்ட தேதிக்கும் அங்கே மதிப்பில்லை. டிசம்பரில் புக் செய்து வண்டி தை மாதம் வந்தால், அன்றைக்கு எந்த அரசாணை நடப்பில் இருக்கிறதோ அதுதான். காராக இருந்தால் புக் செய்யும்போதே, இந்தத் தேதிக்குள் பதிவாகாவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

அடுத்தது மத்திய அரசின் மானியம். இதைப் பற்றி ஊரில் சுற்றும் பேச்சில் பாதி பழைய பேச்சு. 2021 ஜூனில் பேட்டரியின் ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய் கொடுத்தார்கள். (கிலோவாட் அவர் என்றால் பயப்பட வேண்டாம், கரண்ட் பில்லில் யூனிட் என்கிறோமே, அதேதான்.) 2023 ஜூனில் அதைப் பத்தாயிரமாக்கினார்கள். 2024 ஏப்ரலில் ஐயாயிரம், ஒரு வண்டிக்கு அதிகபட்சம் பத்தாயிரம். 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் முதலில் அதே அளவு. 2025 ஏப்ரலிலிருந்து பாதியாகி, யூனிட்டுக்கு 2,500, அதிகபட்சம் 5,000. ஸ்கூட்டருக்கு அதுவும் 2026 மார்ச் 31 வரைதான் என்று 2025-இல் அறிவித்திருந்தார்கள். நான் பிப்ரவரியில் வாங்கியதால் 10,000 கிடைத்தது. ஏப்ரலில் வாங்கிய எதிர்வீட்டு டீச்சருக்கு அதே மாடலில் 5,000தான். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை.

இந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வராது. கம்பெனி விலையில் கழித்துக்கொண்டு பிறகு அரசாங்கத்திடம் வாங்கிக்கொள்கிறது. எக்ஸ்-ஷோரூம் விலையே கழித்த விலைதான் பெரும்பாலும். ஆகவே "மானியம் தனியாக வரும், இப்போது முழுசாகக் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் மானியத் தொகை தனி வரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாங்கும்போது ஆதாரோடு முகத்தைக் காட்டிச் சரிபார்ப்பார்கள், போனுக்கு ஒரு இ-வவுச்சர் வரும், அதில் நீங்களும் கையெழுத்திட வேண்டும், டீலரும். ஒரு ஆதாருக்கு ஒரு வண்டிதான். அதனால் யார் பெயரில் வாங்குவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். அப்பா பெயரில் வாங்கலாம் என்று முதலில் நினைத்தோம். கண் புரை அறுவை முடிந்த சமயம், கேமராவைப் பார்த்து அவர் கண்ணைச் சிமிட்டச் சிமிட்ட அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. என் பெயரில் வாங்கினோம்.

கிடைக்காத சலுகைகளையும் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒரு வீடியோ அனுப்பினான், 'ஸ்கூட்டருக்கு 30,000 ரூபாய் மாநில மானியம்' என்று. அது டெல்லி. 2020-இல் டெல்லி கொண்டுவந்த கொள்கையில் அந்தத் தொகை இருந்தது. தமிழ்நாட்டில் என்னைப் போலச் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவருக்குக் கையில் பணமாகத் தரும் மானியம் இல்லை. உணவு, பார்சல் கொண்டுபோகும் தொழிலாளர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2025-26 மாநில பட்ஜெட்டில், இணையவழிச் சேவைத் தொழிலாளர் நலவாரிய உறுப்பினர்கள் 2,000 பேருக்குப் புது மின்ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். வாரியத்தில் பதிவு செய்திருந்தால்தான் அது.

"லோன் போட்டு வாங்குங்க மேடம், வட்டியில ஒன்றரை லட்சம் வருமான வரியில கழிச்சுக்கலாம்" என்றான் பையன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பிழைப்பே அதுதானே. 80இஇபி என்ற அந்தப் பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்குத்தான். அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குக் கொடுத்த நோட்டீஸில் அப்படி அச்சடித்திருந்தது. ஆனால் அதை நம்பி வட்டிக்கு வாங்கிவிட்டு மார்ச்சில் எங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. தொழில் செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வண்டியைத் தொழில் கணக்கில் காட்டினால் மின்வண்டிக்கு வருடத் தேய்மானம் 40 சதவீதம், சாதாரணக் காருக்கு 15. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி பூஜ்யத்துக்குக் கீழே வருவோம்.

'ரிஜிஸ்ட்ரேஷன் அண்ட் சர்வீஸ்' 5,900. 2021 ஆகஸ்டிலேயே பேட்டரி வண்டிக்குப் பதிவுக் கட்டணத்தை மத்திய அரசு நீக்கிவிட்டது. பெட்ரோல் ஸ்கூட்டருக்கே அது 300 ரூபாய்தான். கடன் போட்டிருந்தால் ஆர்.சி.யில் வங்கி பெயரை ஏற்ற 500. கார்டுக்கும் மற்றதுக்கும் சில நூறுகள். நம்பர் பிளேட் கம்பெனியே மாட்டித் தர வேண்டியது. பின் 5,900 எதற்கு? "ஹேண்ட்லிங் மேடம்" என்றான். "ஹேண்ட்லிங்னு பில்லில் எழுதி, ஜி.எஸ்.டி. போட்டு, ரசீது தருவீங்களா?" என்று கேட்டேன். மேனேஜர் வந்தார். பத்து நிமிடத்தில் அது 1,600 ஆனது. சத்தம் போட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் 'இது யாருக்குப் போகிறது, ரசீது உண்டா' என்று இரண்டு கேள்வி போதும்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும், காருக்கு மூன்று வருடம். அந்தத் தொகையை அரசு நிர்ணயித்திருக்கிறது, மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்து. 3 முதல் 7 கிலோவாட் வரையான ஸ்கூட்டருக்கு ஐந்து வருடத்துக்கு 3,273 ரூபாய், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதில் பைசா மாறாது. மாறுவது நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி, அதில்தான் ஆளுக்கொரு விலை. என் கொட்டேஷனில் 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்திருந்தார்கள். எனக்கு அது ஏற்கெனவே இருந்தது. பாலிசி நகலைக் காட்டினால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. வெளியில் எடுத்தேன், பம்பர்-டு-பம்பர் (பழுதுக்குப் பணம் தரும்போது தேய்மானம் கழிக்காத காப்பீடு) சேர்த்து 6,150.

ஆக்சசரீஸ் 6,400 என்பது ஒரு பொட்டலம். பிரித்துக் காட்டச் சொன்னேன். ஃப்ளோர் மேட், சைடு கார்டு, சீட் கவர், ஹெல்மெட், ஏதோ ஒரு 'டெஃப்லான் கோட்டிங்'. ஹெல்மெட்டை வண்டியோடு தர வேண்டும் என்பது விதி, அதைக் காசுக்கு விற்றார்கள். கோட்டிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மேட்டும் கார்டும் மட்டும் எடுத்துக்கொண்டேன், 1,900. வாரண்டி 7,000-ஐ மட்டும் குறைக்கச் சொல்லவில்லை. மின்வண்டியில் பாதி விலை பேட்டரிதான் என்று சொல்லுமளவுக்கு அது பெரிய செலவு. எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதத்துக்குக் கீழே பேட்டரி இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றும் தாளில் இருக்கிறதா பார்த்துவிட்டுக் கட்டினேன். வண்டியை விற்றால் வாரண்டி அடுத்தவருக்கு மாறுமா என்றும் கேட்டேன். மாறும், எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியில் 1,41,150. குறைந்தது 11,410 ரூபாய். மத்திய அரசு மானியமாகக் கொடுத்த பத்தாயிரத்தை அந்த மேசையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே ஆயிரத்து நானூறும் வைத்துவிட்டு வந்திருப்பேன், கூட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான பெட்ரோல் வண்டிக்கும் 28-இலிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முன் போட்ட ஒப்பீடுகளை நம்பாதீர்கள், புது விலையை வாங்கி மறுபடி போடுங்கள்.

ஷோரூமில் யாரும் சொல்லாத செலவு ஈ.பி. பில்லில் வரும். 'முழு சார்ஜுக்கு இருபது ரூபாய்' என்பது விளம்பரக் கணக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் நூறு யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த நூறு யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த நூறுக்கும் நாலு ரூபாய் சொச்சம், தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். அதாவது 501-ஆவது யூனிட் ஒன்றே இருநூறு ரூபாய்க்கு மேல் தின்னும்.

என் கதையைப் பாருங்கள். வீட்டில் வழக்கமாக 470 யூனிட் வரும். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து அலுவலகம், டியூஷனில் பெண்ணை விட்டு அழைத்து வருவது, மார்க்கெட். கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து எடுப்பது சுமார் 40 வாட் அவர். நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72. பில் 542 யூனிட்டுக்குப் போனது. அந்த 72 யூனிட்டுக்காகக் கூடியது கிட்டத்தட்ட 780 ரூபாய், யூனிட்டுக்குப் பதினோரு ரூபாய்க்கு ஒட்டி! அதே 72 யூனிட், 300 யூனிட் வீட்டுக்கு 340 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

அப்படியும் 1,800 கிலோமீட்டருக்கு 780 ரூபாய். என் பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தது, அதே தூரத்துக்கு 40 லிட்டர், நாலாயிரத்துக்கு மேல். ஆக லாபம் லாபம்தான். ஆனாலும் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி வீணாகப் போகும் பணம் எனக்குப் பொறுக்கவில்லை. ஓசூர்க் குளிருக்கு கீசர் இல்லாமல் முடியாது. அதை அரை மணி நேரம் போட்டு மறந்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வியாதி. பத்து நிமிட டைமர் ஒன்று மாட்டினேன். அடுத்த பில் 496 யூனிட். வீட்டுக்காரர் அந்த டைமரை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். மாடியில் இடமும் கையில் பணமும் இருப்பவர்கள் சோலாரையும் யோசிக்கலாம். பி.எம். சூரிய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்று கிலோவாட் என்றால் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். நாங்கள் வாடகை வீடு, எங்களுக்கு அது ஆகாது.

வாடகை வீட்டுக்காரர்கள் வண்டி புக் செய்வதற்கு முன்பே வீட்டு உரிமையாளரிடம் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் கீழே பிளக் இருந்தது, எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன் கூலி, எர்த் குழி, ஒயர், பிரேக்கர் எல்லாம் சேர்த்து 4,200. பாதியை வீட்டு அம்மா கொடுத்தார், 'நாளைக்கு வர்றவங்களுக்கும் ஆகும்' என்று. ஒரே மீட்டரை இரண்டு குடித்தனம் பங்கிடும் வீடுகளில் சார்ஜருக்குத் தனி சப்-மீட்டர் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறாம் மாதம் சண்டை நிச்சயம்.

லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம் என்று விற்கும் மெல்லிய ஸ்கூட்டர்கள் தனி ஜாதி. மோட்டார் கால் கிலோவாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் அந்த விலக்கு. பதிவே இல்லாததால் மத்திய மானியமும் கிடையாது. 'உள்ளே ஒரு ஒயரைப் பிடுங்கினால் நாற்பது போகும்' என்று கடைக்காரர் கண்ணடித்தால், அது சட்டப்படி பதிவில்லாத வண்டியாகிவிடும். விபத்து நடந்தால் காப்பீடும் இருக்காது.

ஓசூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, எல்லை. தம்பி எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, தினமும் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டிப் போகிறவன். வண்டியை எங்கே பதிவு செய்வது என்று கேட்டான். வீடு எங்கேயோ அங்கேதான். ஓசூர் முகவரி இருப்பதால் டி.என். 70. வேறு மாநிலத்தில் வண்டியைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தினமும் போய்த் திரும்புகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டையே மாற்றிக்கொண்டு போகிறவர்கள் போகும் ஊரின் வரியை முன்பே பார்த்துக்கொள்ளட்டும். கர்நாடகத்தில் 2024-இலிருந்து 25 லட்சத்துக்கு மேல் விலையுள்ள மின்காருக்கு 10 சதவீத ஆயுள் வரி. கேரளத்தில் 2025 ஏப்ரலிலிருந்து மின்காருக்கு 15 லட்சம் வரை 5, இருபது வரை 8, அதற்கு மேல் 10 சதவீதம். தெலங்கானாவில் 2026 டிசம்பர் 31 வரை முழு விலக்கு.

அக்கா வீட்டுக்காரர் மத்திய அரசு ஊழியர், நாலு வருடத்துக்கு ஒரு மாற்றல். மின்கார் வாங்கப் போனபோது, "உங்களுக்கு பி.எச். நம்பர் கிடைக்குமே சார்" என்று கடையில் ஆசை காட்டியிருக்கிறார்கள். பி.எச். என்பது பாரத் வரிசை, மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத நம்பர். அந்த வண்டிக்கு இரண்டிரண்டு வருடமாக வரி கட்ட வேண்டும். மின்வண்டிக்கு அதில் 2 சதவீதம் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. தமிழ்நாட்டில் சாதாரணப் பதிவு செய்தால் பூஜ்யம். அடுத்த மாற்றல் எங்கே என்று தெரியாது, இன்னும் மூன்று வருடம் சேலம்தான் என்றார். "அப்ப டி.என்.லயே போடுங்க மாமா, மாற்றல் வரும்போது பார்த்துக்கலாம்" என்றேன். ரிடயர் ஆகும் வரை ஊர் ஊராகச் சுற்றப் போகிறவர்களுக்கு, ஒவ்வொரு மாநிலத்திலும் தடையில்லாச் சான்று வாங்கும் அலைச்சலை நினைத்தால், பி.எச். தேவலாம்தான்.

வண்டி கைக்கு வந்த வாரம் பரிவாகன் என்ற அரசு போக்குவரத்துத் தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள். எரிபொருள் என்ற இடத்தில் மின்வண்டி என்று காட்ட வேண்டும், பிளேட் பச்சையில் வெள்ளை எழுத்தாக இருக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் அன்றைக்கே டீலரிடம் சொல்லித் திருத்துங்கள். என் ஆர்.சி.யில் அப்பா பெயரில் ஓர் 'ஏ' விட்டுப்போயிருந்தது. தம்பிக்கு இப்போது கொட்டேஷன் வந்திருக்கிறது, படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். ரோடு டேக்ஸ் பூஜ்யம், சிவப்பு வட்டம். கீழே 'லாஜிஸ்டிக்ஸ்' 3,500. நாளைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் போகிறோம்.